ஆங்கிலமும் செவிப்பயிற்சியும்

யாழ்ப்பாணம் – கண்டி வீதியிலே புளியங்குளத்திற் பிரிந்து, கிழக்கே முல்லைத்தீவை நோக்கிச் செல்லும் பாதையில் அமைந்தது நெடுங்கேணி. வயலும் குளமும் காடும் சூழ்ந்த ஊர். வவுனியா வடக்குப் பிரதேச செயலகம் இருக்கும் இடமும் அதுவே. போர்க்காலத்தில் இவ்வூர் மக்கள் ஒருமுறையன்றிப் பன்முறை இடம்பெயர்ந்தனர். 2009-ஆம் ஆண்டிற் போர் முடிந்தபின் மீளக் குடியேறினர். இத்தகைய ஊரிலிருந்து மாணவன் ஒருவன் உயர்தரப் பரீட்சையைத் தமிழ்மொழியில் எழுதிச் சித்தியெய்தி, கிளிநொச்சி அறிவியல்நகரிலுள்ள பொறியியற் பீடத்துக்கோ வவுனியாப் பல்கலைக்கழகத்துக்கோ செல்கிறான் என்று வைத்துக்கொள்ளலாம். முதல் நாள் விரிவுரை ஆங்கிலத்தில் நடைபெறுகிறது. விரிவுரையாளர் இந்நாட்டவரே. பலகையில் அவர் எழுதுகின்ற சொற்கள் மாணவனுக்குப் புதியனவல்ல. ஆயினும், பலகையை விட்டுத் திரும்பி அவர் பேசத் தொடங்கியதும், முதலும் முடிவும் விளங்காத நீண்டதோர் ஓசையே அவன் காதில் விழுகின்றது. விரிவுரை முடிந்தபின் பக்கத்தில் இருந்தவனுடைய குறிப்பை வாங்கிப் பார்க்கிறான். அதிலுள்ளவை பெரும்பாலும் அவன் சிறுவகுப்பு முதல் எழுதியும் படித்தும் பழகிய சொற்களே! பார்த்தால் தெரிகின்ற சொல், கேட்டால் தெரியாமற் போவது ஏன்? அதனைத் தெரியச் செய்யும் வழி யாது?

இவ்வினாவுக்குப் பொதுவாகக் கூறப்படும் விடை, ஆங்கிலம் பேசுவோர் மிக விரைவாகப் பேசுகின்றனர் என்பதாகும். இஃது அத்துணைப் பொருத்தமான விடையன்று. முல்லைத்தீவுக் கடற்கரையில் மீன் ஏலம் கூறுபவர் பேசும் தமிழைவிட எந்த ஆங்கிலச் செய்தியாளரும் விரைந்து பேசுவதில்லை. ஏலங்கேட்க வந்தவர்களில் எவரும் அவர் சொல்வது விளங்கவில்லை என்று திரும்பிப் போவதுமில்லை. ஒருமொழி விரைவாக ஒலிப்பதாகத் தோன்றுவது, அதன் சொற்கள் எங்கே தொடங்கி எங்கே முடிகின்றன என்பது கேட்பவனுக்குப் புலப்படாமையால்தான். தமிழறியாத ஒருவரைத் தமிழ் வானொலியின் முன் இருத்தினால் அவரும் தமிழர் மூச்சுவிடாமற் பேசுகின்றனர் என்றே முறையிடுவார்.

உண்மைக் காரணம் வேறு. இந்நாட்டில் ஆங்கிலம் நெடுங்காலமாகக் கண்ணாற் கற்கப்பட்டு வருகின்றது. 1823-ஆம் ஆண்டு வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிசனரிமார் நிறுவிய செமினரியிற் கற்ற தமிழ் இளைஞர்கள், ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களின் வாயிலிருந்தே பாடங்களைக் கேட்டனர். விடுதியில் தங்கி நாள்முழுவதும் அவ்வோசையிலே வாழ்ந்தனர். அவர்களுக்குச் செவிப்பயிற்சி என்று தனியாக ஒன்று வேண்டப்படவில்லை. ஆனால் அந்த வாய்ப்பு மிகச் சிலருக்கே கிட்டியது. 1945-ஆம் ஆண்டு இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்து, தாய்மொழிக் கல்வியும் படிப்படியாக வேரூன்றியபோது, கல்வி ஊர்தோறும் பரவியது. அதனால் விளைந்த நன்மை அளவிடற்கரியது. ஆங்கிலமோ பாடங்களுள் ஒரு பாடமாயிற்று. பாடமாகிய பின் பரீட்சைக்குரியதாயிற்று. பரீட்சை எழுத்துப் பரீட்சையாக இருந்தமையால், வாசித்தலும் எழுதுதலுமே பயிற்சியாயின. பின்தங்கிய பகுதிகளில் ஆங்கில ஆசிரியர் கிடைப்பதும் அரிது. கிடைத்த ஆசிரியரும் ஒரு வாக்கியத்தை வாசித்து உடனே அதன் தமிழ்ப் பொருளைக் கூறுவாராயின், மாணவனுடைய செவி ஆங்கில வாக்கியத்துக்காகக் காத்திருப்பதில்லை; பின்னே வரப்போகும் தமிழுக்காகவே காத்திருக்கின்றது. பத்தாண்டுகள் இவ்வாறு காத்திருந்து பழகிய செவிக்குத் திடீரெனத் தமிழ் நிறுத்தப்பட்டால் அது திகைப்பது இயல்பே.

எழுத்திலே சொற்களுக்கிடையில் வெளி உண்டு. பேச்சிலே அத்தகைய வெளி இல்லை. இவ்வுண்மையைத் தமிழ் மாணவனுக்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. நன்னூல் கற்ற எவரும், நிலைமொழியும் வருமொழியும் சேருமிடத்தில் ஓசை மாறும் என்பதையும், அம்மாற்றம் தோன்றல், திரிதல், கெடுதல் என மூவகைப்படும் என்பதையும் அறிவர். வாழையும் பழமும் சேர்ந்து வாழைப்பழம் ஆகும்போது ஒரு மெய் தோன்றுகிறது. கல்லும் சிலையும் சேர்ந்து கற்சிலை ஆகும்போது ஒரு மெய் திரிகிறது. மரமும் வேரும் சேர்ந்து மரவேர் ஆகும்போது ஒரு மெய் கெடுகிறது. இவற்றைத் தமிழ்ப் பாடவேளையிற் கற்று மதிப்பெண்ணும் பெற்ற மாணவன், அடுத்த பாடவேளையில் ஆங்கிலம் கற்கும்போது, ஆங்கிலச் சொற்களும் சேருமிடத்தில் இவ்வாறே மாறும் என்பதை ஒருபோதும் கேள்விப்படுவதில்லை. ஆங்கில எழுத்து அம்மாற்றத்தைக் காட்டுவதில்லை என்பதே இதற்குக் காரணம். தமிழர் கற்சிலை என்று ஒலித்து, கற்சிலை என்றே எழுதுவர். ஆங்கிலேயர் கற்சிலை என்று ஒலித்துக் கல்சிலை என்று எழுதுவதைப் போன்று எழுதிவைக்கின்றனர்.

முதலில் தோன்றலை எடுத்துக்கொள்ளலாம். மணி என்பதும் அழகு என்பதும் சேர்ந்தால் இடையில் யகரம் தோன்றும். பூ என்பதும் அழகு என்பதும் சேர்ந்தால் வகரம் தோன்றும். உயிரும் உயிரும் நேரே சேரமாட்டா ஆகலின் அவற்றை உடம்படுத்த வரும் மெய் இது. ஆங்கிலத்திலும் இதே யகரமும் வகரமும் ஏறக்குறைய இதே இடங்களில் வருகின்றன. ‘ஐ’ என்பதும் ‘ஆம்’ என்பதும் சேரும்போது ‘ஐயாம்’ என்றே ஒலிக்கும். ‘டூ’ என்பதும் ‘இற்’ என்பதும் சேர்ந்தால் ‘டூவிற்’ ஆகும். ‘கோ’ என்பதும் ‘ஒன்’ என்பதும் சேர்ந்தால் ‘கோவொன்’ ஆகும். மாணவன் ‘விற்’ என்று தொடங்கும் சொல் ஒன்றைத் தேடி அகராதியைப் புரட்டினால் அங்கே அவனுக்கு உதவி கிடையாது. இனி, இறுதி மெய்யின்மேல் அடுத்த சொல்லின் உயிர் ஏறி அமர்வதும் உண்டு. தமிழும் அரசும் தமிழரசு ஆவதுபோல, ‘கம் இன்’ என்பது ‘கமின்’ ஆகின்றது.

திரிதலுக்கும் எடுத்துக்காட்டுகள் உள. ‘கிறீன்’ என்ற சொல்லின் பின் ‘பார்க்’ என்ற சொல் வரின், பகரத்துக்கு அஞ்சிய னகரம் மகரமாகித் ‘கிறீம் பார்க்’ என ஒலிக்கும். தமிழர் ‘என் பேர்’ என்பதைப் பேச்சில் ‘எம்பேர்’ என்று கூறுவது இதற்கு நேரான மாற்றம். விடைபெறும்போது கூறும் ‘குட்பை’ என்பதை ஆங்கிலேயர் விரைந்து கூறுங்கால், இடையிலுள்ள மெய் அடுத்துவரும் மெய்யோடு ஒன்றிவிட, அது தமிழ்ச் செவிக்குக் ‘குப்பை’ என்றே கேட்கும். விருந்துக்குச் சென்றவர் வாசலில் அவ்வாறு கேட்டு மனம் வருந்தினால் அது இலக்கணம் அறியாத குற்றமேயன்றி வேறில்லை.

கெடுதலே கேட்பவனுக்குப் பெரிதும் இடர் விளைப்பது. ‘லாஸ்ற் நைற்’ என்பதில் முதற்சொல்லின் இறுதி மெய் கெட்டு ‘லாஸ்நைற்’ ஆகும். ‘நெக்ஸ்ற் டே’ என்பதும் அவ்வாறே ஒலி குறையும். ‘டெல் ஹிம்’ என்பது ‘டெலிம்’ என்று சுருங்கிவிடும். எழுத்தில் மூன்றெழுத்தாக நிற்கும் சொல், பேச்சில் ஓர் உயிரும் ஒரு மெய்யுமாகத் தேய்ந்து முன்சொல்லின் வாலாக ஒட்டிக்கொள்வதைக் கண்ணாற் கற்ற மாணவன் எப்படி அறிவான்?

சொல்லின் எல்லையைச் செவி தவறவிடுதல் பிறநாட்டவருக்கு மட்டும் உரிய குறையன்று. கிரிக்கெற் ஆட்டத்தில் நடுவராக நிற்பவரைக் குறிக்கும் ‘அம்பயர்’ என்னும் சொல் முற்காலத்தில் நகரத்தை முதலாகக் கொண்டிருந்தது. ‘ஒரு’ என்னும் பொருளில் முன்னே வரும் ‘அ’ என்ற சிறு சொல்லோடு அது சேர்ந்து ஒலித்தபோது, ஆங்கிலேயரே அந்நகரத்தை முன்சொல்லுக்குரியதென மயங்கிப் பிரித்துவிட்டனர். மேலாடையின்மீது கட்டிக்கொள்ளும் ‘ஏப்ரன்’ என்பதன் பெயருக்கும் அதே கதி நேர்ந்தது. தாய்மொழியாளர் செவியே இங்ஙனம் தடுமாறி, அத்தடுமாற்றம் நிலைத்தும் விட்டதாயின், நெடுங்கேணி மாணவன் நாணுவதற்கு என்ன இருக்கிறது?

ஓசையின் அளவும் இங்குக் கருதத்தக்கது. தமிழில் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை என வரையறை உண்டு. ஒவ்வோர் எழுத்தும் தன் பங்கைப் பெற்றே ஒலிக்கும். ஆயினும் நாடு, பாக்கு என்னும் சொற்களின் இறுதி உகரம் தன் அளவிற் குறைந்து அரை மாத்திரையாய் ஒலிப்பதால், அதனைக் குற்றியலுகரம் என்று தனியே பிரித்தனர் இலக்கணப் புலவர். ஆங்கிலத்தில் இக்குறுக்கம் உகரத்தோடு நிற்பதில்லை. அழுத்தம் பெறாத எந்த உயிரும் குறுகி, தன் நிறம் இழந்து, அகரத்தின் நிழல்போல ஆகிவிடும். ‘டொக்டர்’ என்ற சொல்லில் முதல் அசை ஓங்க, இரண்டாம் அசை தேய்கின்றது. 1945-ஆம் ஆண்டில் அமெரிக்க மொழியியலறிஞர் கெனத் பைக் என்பார், மொழிகளில் சில அசைக்கு அசை சமமான காலம் எடுப்பன என்றும், சில அழுத்தத்துக்கு அழுத்தம் சமமான காலம் எடுப்பன என்றும் பாகுபடுத்தி, ஆங்கிலத்தை இரண்டாம் வகையுள் வைத்தார். பின்வந்தோர் கருவிகளைக் கொண்டு அளந்து, அளவு அத்துணை ஒழுங்காக அமையவில்லை என்று காட்டினர். எனினும் கேட்கப் பழகுபவனுக்கு அப்பாகுபாடு இன்றும் நல்ல வழிகாட்டியே. ‘த டொக்டர் ஹாஸ் கம்’ என்ற வாக்கியத்தில் செவிக்கு எட்டுவன ‘டொக்’, ‘கம்’ என்னும் இரு மேடுகளே. ஏனையவை இடைப்பட்ட பள்ளத்தில் விரைந்து கழிந்துவிடும். எல்லா அசையையும் சமமாகக் கேட்க முயல்பவன் எதையும் கேளாமற் போவான். மேடுகளைப் பற்றிக்கொண்டால் பள்ளங்களை இலக்கண அறிவே நிரப்பிவிடும்.

தனியெழுத்துகளின் வேறுபாடும் ஓரளவு இடர் தருவதுதான். விலைகொடுத்து வாங்குதலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும், மாவினாற் செய்யும் ஒருவகைப் பண்டத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையும் தமிழில் ‘பை’ என்று ஒரே வகையாகத்தான் எழுதமுடியும். தமிழில் வல்லினத்தின் கனமும் மென்மையும் இடத்தைப் பொறுத்தன; பொருளை வேறுபடுத்துவனவல்ல. ஆகவே தமிழ்ச் செவி அவ்வேறுபாட்டைப் பொருட்படுத்தாமற் பழகிவிட்டது. இதற்கு எதிராக, இலங்கைத் தமிழருக்கு வாய்த்த ஒரு நலமும் உண்டு. ‘வெற்றி’, ‘காற்று’ என்னும் சொற்களில் இலங்கைத் தமிழர் ஒலிக்கும் றகர இரட்டை, நுனிநா மேற்பல்லின் பின்னுள்ள முகட்டைத் தொடப் பிறப்பது. ஆங்கிலத்தில் ‘ரிக்கெற்’ என்ற சொல்லின் முதலிலும் இறுதியிலும் வரும் ஒலி பிறப்பதும் அவ்விடத்திலேயே. தமிழகத்தார் டகரத்தால் எழுதுவதை இங்குள்ளோர் றகரத்தால் எழுதுவது வெறும் பழக்கமன்று. அதன் பின்னே நுண்ணிய செவி ஒன்று இருக்கின்றது.

செவி தனியே நின்று கேட்பதில்லை; முன்னறிவையும் துணைக்கொண்டே கேட்கின்றது. இதனை விளக்க வேற்றுநாட்டு ஆராய்ச்சியைத் தேடிச் செல்ல வேண்டுவதில்லை. வன்னி மக்களின் வாழ்விலேயே சான்று உண்டு. 1990-ஆம் ஆண்டு தொடங்கிய பொருளாதாரத் தடைக்காலத்தில் மின்சாரம் இல்லை. வானொலிக்கு வேண்டிய மின்கலங்களும் தடைசெய்யப்பட்டிருந்தன. துவிச்சக்கரவண்டியைக் கவிழ்த்து நிறுத்தி, ஒருவர் சக்கரத்தைச் சுழற்ற, அதிற் பொருத்திய டைனமோ தந்த மின்சாரத்தில் லண்டனிலிருந்து வந்த தமிழோசையையும் மணிலாவிலிருந்து வந்த வேரித்தாஸ் வானொலியையும் மக்கள் கூடியிருந்து கேட்டனர். சிற்றலையின் இரைச்சலில் பாதிச் சொற்கள் அமிழ்ந்துபோகும். எனினும் செய்தி முடிந்ததும் நடந்தது இன்னதென்று அனைவரும் தெளிவாகப் பேசிக்கொண்டனர். ஊர்ப்பெயர் ஒன்றன் முதலெழுத்து மட்டும் கேட்டாலும் அஃது எவ்வூர் என்பதை அவர்கள் அறிந்தனர். முதல் நாள் நடந்ததை அறிந்தவருக்கு மறுநாள் கேட்கவேண்டியது சிறிதளவே.

ஆங்கிலத்திலும் இது நிகழ்வதைக் கிரிக்கெற் நேர்முக வருணனையிற் காணலாம். ஆங்கிலப் பாடத்தில் திணறுகின்ற சிறுவன்கூட ஆட்ட வருணனையைக் கேட்டு ஓட்டங்களைச் சரியாகச் சொல்லிவிடுவான். 2010-ஆம் ஆண்டு யூலை மாதம் காலி மைதானத்தில் முத்தையா முரளிதரன் தம் இறுதி டெஸ்ற் ஆட்டத்தை ஆடியபோது, எண்ணூறு விக்கெற்றுகளை எட்ட அவருக்கு எட்டு விக்கெற்றுகள் வேண்டியிருந்தன. ஒவ்வொன்றாக வீழ்ந்து, இந்திய அணியின் கடைசி விக்கெற் ஒன்றே எஞ்சி நின்ற வேளையில், வருணனையாளர் கூவிய ஆங்கிலம் எவ்வளவு விரைவாக இருந்தாலும் விளங்காதவர் யார்? வருவது இன்னதென எதிர்நோக்கிய செவிக்கு விரைவு தடையாவதில்லை.

இவற்றிலிருந்து பயிற்சிக்கான வழிகள் தாமே தோன்றும். செய்தியை முதலில் தமிழிற் கேட்டுவிட்டு, அதே நாளின் செய்தியை ஆங்கிலத்திற் கேட்பது மிக எளிய வழி. மூன்று மொழிகளிலும் செய்தி ஒலிபரப்பாகும் நாட்டில் இதற்குப் பொருட்செலவு சிறிதும் இல்லை. பொருள் முன்பே தெரிந்திருப்பதால், செவி தன் முழு ஆற்றலையும் ஓசையிற் செலுத்தலாம். பேசுவோரைத் தெரிவதிலும் ஒரு முறை வேண்டும். லண்டன் நகரத்து உச்சரிப்பே உச்சரிப்பு என்று எண்ணி அதிலே தொடங்குவோர் பலர் சில வாரங்களிற் சோர்ந்துபோகின்றனர். இலங்கையர் பேசும் ஆங்கிலத்தில் உயிர்கள் அவ்வளவு தேய்வதில்லை. அசைகள் ஓரளவு நிறைவாக ஒலிக்கின்றன. விரிவுரை மண்டபத்தில் மாணவன் கேட்கப்போவதும் அந்த ஆங்கிலமே. ஆதலின் அதனையே முதலிற் பழகி, பின்னர் பிறநாட்டார் ஆங்கிலத்துக்குச் செல்லுதல் தக்கது.

எளிய ஆங்கிலத்தில் ஒலிபரப்பும் முயற்சிகளும் நெடுநாளாக நடந்துள்ளன. பி.பி.சி. நிறுவனம் வானொலிவழி ஆங்கிலப் பாடங்களை 1943-இல் ஆரம்பித்தது. அமெரிக்காவின் குரல் நிலையம் 1959-ஆம் ஆண்டு அக்டோபரில், ஏறத்தாழ 1500 சொற்களுக்குள் அமைந்த சிறு வாக்கியங்களைக் கொண்டு, வழக்கமான விரைவில் மூன்றில் இரண்டு பங்கு விரைவில் வாசிக்கும் நிகழ்ச்சியைத் தொடங்கியது. பல நாடுகளில் எண்ணற்றோர் அதனாற் பயன்பெற்றனர். ஆனால் நிறுத்தி நிறுத்தி வாசிக்கும் ஆங்கிலத்தில் முன்னர்க் கூறிய புணர்ச்சி மாற்றங்கள் பல நிகழ்வதில்லை. ஆண்டுக்கணக்கில் அதனையே கேட்டவன் மெல்லப் பேசுவோரை மட்டுமே விளங்கிக்கொள்வான். தொடக்கத்திற் சில திங்கள் கேட்டுவிட்டு அப்பாற் செல்லவேண்டிய வாயில் அது. கைத்தொலைபேசியில் ஒலிப்பதிவின் விரைவைக் குறைத்துக் கேட்பதற்கும் இஃது ஒக்கும்.

‘ஆங்கிலத்தை நிறையக் கேள், தானே வரும்’ என்று அறிவுரை கூறுவோர் உளர். வானொலியைத் திறந்துவிட்டு வேறு வேலை பார்த்திருப்பவனுக்கு அது தானே வருவதில்லை. ஆங்கிலத் திரைப்படத்தைத் தமிழ் எழுத்துகளோடு பார்ப்பவனுக்கும் வருவதில்லை; அவன் கண் தமிழைப் படிக்க, செவி உறங்குகின்றது. ஒரு மணிநேரம் மேலோட்டமாகக் கேட்பதினும் ஒரு நிமிடப் பேச்சைப் பத்துமுறை கேட்பது மிகுந்த பயன் தரும். அதற்குப் பழைய ‘சொல்வதெழுதல்’ முறையே சிறந்த கருவி. பதிவுசெய்த ஒரு சிறு பகுதியை, எழுத்து வடிவத்தைப் பாராமல் முதலிற் கேட்கவேண்டும். பின் வாக்கியம் வாக்கியமாக நிறுத்தி, காதில் விழுந்ததை எழுதவேண்டும். விழாத இடத்தை வெறுமையாக விடவேண்டும். மூன்று நான்கு முறை கேட்டபின்னரே எழுத்து வடிவத்தோடு ஒப்பிடவேண்டும்.

ஒப்பிடும் அவ்வேளைதான் பயிற்சியின் உயிர்நாடி. பிழை ஒவ்வொன்றும் எவ்வகையைச் சேர்ந்தது என்று பார்த்தல் வேண்டும். அச்சொல்லை முன்பின் அறியாமையாற் பிழைத்ததாயின், அதற்கு மருந்து அகராதி. சொல் தெரிந்ததாக இருந்தும் ஓசையில் அடையாளம் காணமுடியவில்லையாயின், எந்த மெய் தோன்றியது, எது திரிந்தது, எது கெட்டது என்று கண்டறிந்து, அதனை வாய்விட்டு அவ்வாறே பலமுறை சொல்லிப் பார்க்கவேண்டும். வாய்க்குப் பழகிய ஓசையைச் செவி எளிதில் இனங்காணும். சொற்கள் யாவும் கேட்டும் கருத்து விளங்கவில்லையாயின், குறை ஆங்கிலத்தில் இல்லை. அப்பொருளைப் பற்றித் தமிழிலே முதலிற் படிக்கவேண்டும். பலர் இம்மூன்றையும் பிரித்தறியாது எல்லாவற்றுக்கும் சொற்பட்டியலை மனனம் செய்து காலத்தை வீணாக்குகின்றனர். தம் பிழைகளை ஒரு கொப்பியிற் குறித்து வருபவர், இரண்டாம் வகைப் பிழையே மிகுதி என்பதைச் சில நாட்களிற் கண்டு வியப்பர்.

ஆசிரியர்களுக்கும் ஒரு சொல். ஹரோல்ட் பாமர் என்னும் ஆங்கிலேயர் 1921-இல் வெளியிட்ட மொழிகற்றல் நூலிலே, குழந்தை நெடுநாள் கேட்டபின்னரே பேசுவதை எடுத்துக்காட்டி, வகுப்பிலும் பேச்சுக்கு முன் கேட்டல் நிகழவேண்டும் என்று வற்புறுத்தினார். வள்ளுவரும் கல்விக்குப்பின் கேள்வி என ஓர் அதிகாரமே வகுத்தார். கருவிகள் இல்லாத பாடசாலையிலும் ஆசிரியரின் குரல் உண்டு. நாள்தோறும் ஐந்து நிமிடம், தமிழ்ப் பொருள் கூறாமல், மாணவர் அறிந்த ஒரு செய்தியை இயல்பான விரைவில் ஆங்கிலத்திற் கூறி, பின் அதுபற்றி ஓரிரு வினாக்களைக் கேட்கலாம். ஆசிரியரின் உச்சரிப்பு நிறைவானதாக இருக்கவேண்டுமென்பதில்லை. தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஒரு நாள் கூடியிருந்து புணர்ச்சி அதிகாரத்தை இரு மொழிக்கும் பொதுவாகக் கற்பிப்பாராயின், அது மாணவருக்குப் பேருதவியாகும்.

கேட்டறியும் திறன் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் வேண்டியதன்று. 1987-ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தம் சிங்களத்தோடு தமிழையும் அரசகரும மொழியாக்கி, ஆங்கிலத்தை இணைப்புமொழி என்றது. தமிழ் தெரியாத மருத்துவரும் சிங்களம் தெரியாத நோயாளியும் சந்திக்கும் இடத்தில் அவ்விணைப்பு எத்தகையதென்பது விளங்கும். பதினைந்தைக் குறிக்கும் ‘பிவ்ரீன்’ என்பதற்கும் ஐம்பதைக் குறிக்கும் ‘பிவ்ரி’ என்பதற்கும் உள்ள வேறுபாடு, அழுத்தம் பின்னசையில் விழுகிறதா, முன்னசையில் விழுகிறதா என்பதையே பெரிதும் பொறுத்தது. மருந்தின் அளவைக் கேட்பவர் அதில் மயங்கினால் விளைவு என்னாகும்? உண்ணலாம் என்பதற்கும் உண்ணக்கூடாது என்பதற்கும் உரிய வாக்கியங்களும் இத்தகையனவே. ‘யூ கன் ஈற்’ என்பதில் நடுச்சொல் தேய்ந்து, இறுதிச் சொல் ஓங்கும். ‘யூ கான்ற் ஈற்’ என்பதில் நடுச்சொல்லே ஓங்கி நீளும். இறுதியிலுள்ள றகரம் கேட்கிறதா என்று காத்திருப்பவன் ஏமாறுவான்; அது பெரும்பாலும் கெட்டுவிடும். நடுச்சொல் தேய்ந்ததா, ஓங்கியதா என்பதையே கவனிக்கவேண்டும்.

இங்குத் தமிழரிடம் உள்ள ஒரு பழக்கத்தையும் குறிப்பிடவேண்டும். விளங்காதபோதும் மரியாதை கருதித் தலையசைத்து விடுகின்றனர். பெரியவர் ஒருவரை மீண்டும் கூறும்படி கேட்பது இழுக்கென்று கருதுகின்றனர். ஆங்கிலம் பேசுவோர் தம்முள்ளேயே நாள்தோறும் பலமுறை அவ்வாறு கேட்டுக்கொள்கின்றனர். மருந்தின் அளவையும் தேதியையும் கேட்டவர் தாமே திருப்பிச் சொல்லி, சரிதானா என வினவுவது நலம். பதினைந்து என்பதை ‘ஒன்று, ஐந்து’ என்று இலக்கம் இலக்கமாக ஆங்கிலத்திற் கூறிவிட்டால் ஐயத்துக்கு இடமில்லை.

தொடங்குவதற்கு ஏற்ற பகுதி எதுவென்று கேட்போருக்கு, வானிலை அறிக்கையைக் கூறலாம். நெடுங்கேணிக் கமக்காரர் காலபோக விதைப்புக்கு மழையை எதிர்நோக்கும் காலத்தில் எப்படியும் அதனைக் கேட்பர். அதன் சொற்கள் சிலவே. அவை நாள்தோறும் திரும்பத் திரும்ப வரும். வவுனியா, முல்லைத்தீவு, திருகோணமலை என்ற பெயர்கள் மேடுகளாய் நின்று வழிகாட்டும். தமிழறிக்கையை முதலிற் கேட்டு, பின் ஆங்கில அறிக்கையைக் கேட்டால், ‘சில இடங்களில்’ என்பதற்கு ஒன்றும் ‘பல இடங்களில்’ என்பதற்கு வேறொன்றுமாக ஆங்கிலத்தில் வழங்கும் தொடர்கள் ஒரு வாரத்திற் பிடிபடும். மழை பிற்பகல் இரண்டு மணிக்குப் பின்னர் பெய்யும் என்றனரா, இரவில் என்றனரா என்பதை எழுதி வைத்துக்கொண்டு, மறுநாட் காலையில் முற்றத்து மண்ணைப் பார்த்தும், அயலவரிடம் விசாரித்தும் ஒப்பிடலாம். அறிக்கையே தவறியிருந்தால் அது செவியின் குற்றமன்று.